வெண்கொடிப் படகில் போன நெல்

வானம் பிழையாது பொழிக! கோல் கோடாது நிற்க! பூழிமலைக்கும் செங்கழி ஆற்றுக்கும் உரிய வேலங்குடிக் கோன் சேந்தன் திருவுடையான், அக்கரைப் பவழத்துறை ஆளும் அன்புத் தமையனார் அனைய விறல்வேள் மன்னருக்கு வணங்கி விடுத்த ஓலை. தங்கள் நாடும் நகரும் நலமே திகழ்க. எம் நலத்தை எழுதக் கை வரவில்லை.

மழை பொய்த்து வாடும் எம் மக்களுக்கெனத் தாங்கள் விலைக்கு வாங்கி மனமுவந்து அனுப்பிய நெல் மூட்டைகள் வந்து சேர்ந்தன. தானமாக வந்த முதல் மூட்டையை அரசியே அவிழ்ப்பது எம் குல வழக்கம். அவிழ்க்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மூட்டையின் வாயில் இருந்தது, விளைந்த காலத்தில் எம் களஞ்சியத்துக்கென அவளே கட்டிய மஞ்சள் கயிறு. தாங்கள் எமக்கு ஈந்தது எம் நெல்லையே!

பதறிப்போய் விசாரித்தோம். வணிகர்க்குரிய எட்டிப் பட்டத்தை யாமே சூட்டிய பெருவணிகர் கூத்தன் அம்பலவாணர், கடலோரக் குப்பங்களுக்குக் கஞ்சி வார்க்கிறேன் என்று வெண்கொடி கட்டிப் படகுகள் விட்டவர். அறத்துக்குப் போகும் படகைச் சோதிப்பது பாவம் என்று எம் சுங்கக் காவலர் கைகூப்பி வழிவிட்டனர். யாமும் எழுந்து நின்று கும்பிட்டோம். அப்படகுகள் நடுக்கடலில் அயல் கப்பல்களுக்கு நெல்லை மாற்றியிருக்கின்றன. அக்கப்பல்கள் விற்ற நெல்லையே தாங்கள் வாங்கியிருக்கிறீர்கள். கையூட்டுப் பெற்றுக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டவன் அரசியின் உடன்பிறந்தான் கண்டன். அவன் சிறையில் இருக்கிறான். அரசி அவன் முகம் காண மறுத்துவிட்டாள். குப்பத்துப் பிள்ளைகள் பசியில் சுருண்டு கிடக்க, அவர்கள் பெயரைச் சொல்லியே அவர்கள் சோறு போயிருக்கிறது.

தப்பியோடிய அம்பலவாணர் தங்கள் கோட்டை வாயிலைத் தொட்டு அடைக்கலம் கேட்டதாகவும், தாங்கள் அவரை விருந்தினர் வரிசையில் அமர்த்தியதாகவும் எம் தூதர் உரைத்தனர். தங்களை நோகோம், யாமும் ஏமாந்தவரே. ஆயினும் அவர் இலையில் விழும் சோறு யாருடையது என்று ஒருமுறை நினைந்தருள்க. அடைக்கலம் புகுந்தவரைக் கைவிடுவது தங்கள் குலத்தில் இல்லை என்பதை அறிவோம். அவர் உயிருக்கு ஊறு செய்யோம் என்று வாக்களிக்கிறோம். அவர் குப்பத்துத் தாய்மார் முன் நின்று மறுமொழி சொல்ல வேண்டும், அவ்வளவே.

இவ்வோலை கொணரும் படைத்தலைவன் வசம் அவரை ஒப்புவிக்க வேண்டுகிறோம். அவர் வரும் கலத்தில் வெண்கொடி ஏற்ற வேண்டா. எம் துறையில் இனி முதலில் சோதிக்கப்படுவது வெண்கொடிக் கலமே. இது எம் ஆணை.

கொன்றை முத்திரை அரக்கில் இட்டோம். ஓலையைச் சுற்றியிருப்பது அந்த முதல் மூட்டையின் மஞ்சள் கயிறு; அரசியே கட்டினாள்.