துப்பாக்கியைவிட விலை கூடிய கண்ணாடி

இன்று மூக்குக்கண்ணாடிக் கடையில் இரண்டு லென்ஸை முன்னால் வைத்து, "சாதாவா, ஒசத்தியா?" என்று கேட்டார்கள். யோசிக்காமல் ஒசத்தியைத் தொட்டேன். நீ இருந்திருந்தால் பேகம்பூரில் உன் தோல் மண்டியே அதிரும்படி சிரித்திருப்பாய்.

உன் கண்ணாடியை நான் பண்ணாத கேலியா? மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பும்போது உனக்கு விற்றது. துப்பாக்கிமேல் பொருத்துகிற ஜெர்மன் தொலைநோக்கி. துப்பாக்கியைவிட விலை கூட. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். "வெயில்ல எல்லாக் கண்ணாடியும் ஒண்ணுதான் மாப்ளே. மசங்கல் வெளிச்சத்துல வச்சுப் பாரு" என்பாய். உனக்குப் பன்றி ஆகாது. ஆனாலும் பன்றி பயிரை உழுதுவிட்டுப் போகிறது என்று சம்சாரிகள் வந்து நின்றால் மறுக்கமாட்டாய். கறி எங்களுக்கு.

குஜிலியம்பாறைப் பக்கம், ஐம்பதுகளின் கடைசியில் அந்த விடியற்காலை. "நீங்க வேட்டை முடிச்சுப் போற வரைக்கும் காட்டுல ஈ காக்கா இருக்காது" என்று வாக்குக் கொடுத்திருந்தார் கடலைக்காட்டுக்காரர். வரப்போரம் படுத்திருந்தோம். கிழக்கு சரியாக வெளுக்கவில்லை. செடிகளுக்கு நடுவே கறுப்பாக ஒன்று குனிந்து மண்ணைக் கிளறியது. பன்றி என்று சத்தியமே பண்ணியிருப்பேன். என் துப்பாக்கியில் கண்ணாடி கிடையாது. குறி வைத்துவிட்டேன், விரல் விசையில். நீ உன் கண்ணாடி வழியே செத்த நேரம் பார்த்தாய். பிறகு என் குழலைப் பிடித்துத் தரையோடு அழுத்தினாய்.

"கம்பளி மாப்ளே" என்றாய், அவ்வளவுதான்.

அது நிமிர்ந்தது. பனிக்குக் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திய காட்டுக்காரர், பிடுங்கிய செடிகளோடு நம்மிடம் வந்தார். "பசியா இருப்பீகளேன்னு நாலு செடி பிடுங்குனேன். பன்னி வந்துச்சா?"

"வரல" என்றாய் நீ. நான் பச்சைக் கடலையை மண்ணோடு மென்றேன். அப்படியொரு நிம்மதியை அதற்கு முன்னும் பின்னும் நான் அறிந்ததில்லை. திரும்பும் வழியெல்லாம், 'பாத்தியா' என்று ஒரு வார்த்தை கேட்பாய் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவில்லை. நானாகவே கேலியை நிறுத்திக்கொண்டேன்.

உன்னை அடக்கம் செய்த அன்று காட்டுக்காரரும் வந்திருந்தார். பல்லெல்லாம் போய், பேரனைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பள்ளிவாசல் எதிரே என்னிடம், "நல்ல மனுசன். அம்புட்டு வெல குடுத்துக் கண்ணாடி வாங்குனாரு, எங்க காட்டுல ஒரு பன்னிகூட அடிக்கலையே" என்று வருத்தப்பட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் பேரனை விட்டுவிட்டு என் கையைப் பற்றிக்கொண்டார். கை நல்ல சூடாக இருந்தது. அந்தச் சூடு என் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது.