மாற்று டயர் மாட்ட மறுத்த அக்காவுக்கு

அக்கா, பெரிய சேதி, ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: ஒரே ஒரு டயர் கிழிந்ததற்காக இன்றைக்கு என் வண்டிக்கு நாலு டயரையும் புதிதாக மாற்றிவிட்டேன், ஊரே சிரிக்கிறது!

சிரிக்கட்டும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு அதுதான் சரி என்று எனக்குத் தெரியும். கடையில் அடுக்கியிருந்த டயர்களின் புது ரப்பர் வாடை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நின்றது போலிருந்தது. நீ எங்களை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் எங்கள் ஜீப்காரர்களின் இணையக் குழுவில் போடப்போகிறேன். நாலு பேர் படிக்கட்டும்.

எண்பதுகளின் நடுவில், பிளஸ் டூவில் இங்கிலீஷில் கோட்டைவிட்டுவிட்டு நான் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பெரியப்பா மகள் நீ, ராசிபுரத்துக்குத் தெற்கே வாழ்க்கைப்பட்டிருந்தாய். மச்சான் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியோடு வடக்கே போய்விட்டால் ஏழெட்டு மாதம் ஆள் வரமாட்டார். நீ தனியாளாகக் கோழிப்பண்ணை போட்டிருந்தாய். பண்ணைக்கும் ரோட்டுக்கும் நடுவில் அகல ஓடை, முழங்கால் மணல். அதற்காகத்தான் புது ஜீப். நீயே ஓட்டுவாய். முட்டை அட்டைகளுக்கு நடுவில் நான் உட்கார்ந்து வருவேன். அந்த வண்டி மேல் எனக்கு இருந்தது பைத்தியம்தான். அதோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்து முடித்திருந்தேன். பரீட்சைக்கு அதில் பாதி படித்திருந்தால் பாஸாகியிருப்பேன்.

வாங்கி எட்டு மாதத்தில் ஓடைக்கல் முன்டயர் இரண்டையும் கிழித்துவிட்டது. நாமக்கல் டயர் கடைக்காரர் அதே அளவு கையில் இல்லை என்று கொஞ்சம் உயரம் கூடிய ஜோடியை எடுத்து வைத்தார்.

"முன்னால புதுசு, பின்னால பழசு. நம்மூரு லாரி பூராவும் அப்படித்தானுங்க ஓடுது" என்றார். அதையே மாட்டிக்கொண்டு வந்தோம்.

லாரிக்கு அது சரி. லாரியில் முன்சக்கரம் இழுப்பதில்லை, திரும்புவதோடு சரி. நம் ஜீப்பில் நாலு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் முன்னும் பின்னும் சமமாகச் சுற்றியாக வேண்டும். உயரம் வேறு வேறாக இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். மணலில் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார் ரோட்டில் அதற்கு வழியே கிடையாது. லாரி ஊரில் பிறந்து வளர்ந்த நமக்கு இது உறைக்கவில்லை. புத்தகத்தை இரண்டு முறை படித்த எனக்குமே உறைக்கவில்லை.

ஒரு நாள் ஓடையைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறிய பிறகு நாலு சக்கரப் பூட்டை விடுவிக்கிற லீவர் அசையவே இல்லை. நீ இழுத்தாய், நானும் சேர்ந்து இழுத்தேன். "சரி, அப்படியே போலாம், முட்டை வேவாரி காத்துட்டிருப்பாரு" என்று கிளப்பினாய். ராசிபுரம் எட்டுவதற்குள் சீட்டுக்கடியில் ஒரு சத்தம். எலும்பு முறிந்தது மாதிரி. இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி உடைந்துவிட்டது.

உன் மாமனார் வாசலில் நின்றே தீர்ப்பு சொன்னார்.

"வாரண்டியில சரி பண்ணிக் குடுத்தா வெச்சுக்க. இல்லீனா வண்டிய வித்துப்போடு, பண்ணைய மூடிப்போடு. பொம்பள ஓட்டுனா இப்படித்தான் ஆகும்."

"சேலம் போயிட்டு வந்து பேசறனுங்க மாமா" என்றாய், அவ்வளவுதான்.

அன்று மத்தியானமே புத்தகத்தில் அந்த வரியைக் கண்டுபிடித்தேன். நாலு டயரும் ஒரே அளவில், ஒரே மாதிரித் தேய்ந்ததாக இருக்க வேண்டும். உனக்குப் படித்துக் காட்டினேன். சேதி தெரிந்து டயர் கடைக்காரர் ஓடி வந்தார், பாவம்.

"ஏனுங்க, எங்கிட்ட ஒரு செட்டு இருக்குதுங்க, நாலும் ஒண்ணு. மாட்டிட்டு ஷோரூமுக்குப் போங்க. வந்து கழட்டிக்கலாம். ஒரு பயலுக்குத் தெரியாது."

நானும் அவர் கட்சிதான். "மாட்டிக்கலாம்க்கா! பண்ணையே போயிரும்க்கா!" என்று கெஞ்சினேன்.

"நானென்ன களவாணியா? டயர ஒளிச்சுப்போட்டு அவன் முன்னால கையக் கட்டி நிக்கோணுமா? ஓட்டுனது இந்த டயர்ல. போறதும் இந்த டயர்லதான். குடுக்க மாட்டேன்னா ஏன்னு எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

லாரியில் கட்டி இழுத்துச் சேலம் போனோம். ஷோரூம் சூப்பர்வைசர் டேப் வைத்து அளந்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"முன்னால ஒரு அளவு, பின்னால ஒரு அளவு. இதுக்கு வாரண்டி கிடையாதும்மா."

"வண்டி குடுத்தன்னைக்கு இத ஏனுங்க சொல்லல?"

"புக்குல போட்டிருக்கே."

"புக்கு இங்கிலீஷ்ல இருக்குதுங்க. எங்கூட்டுல இங்கிலீஷ்காரின்னா சீமைக் கோழிங்கதான். அதுகளும் முட்டதான் போடுதுங்க, படிச்சுச் சொல்றதில்ல."

பக்கத்து மேஜைக்காரர் தேநீரைச் சிந்திவிட்டார். சூப்பர்வைசருக்கு முகம் சிவந்தது. "வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலையா?"

"அவரு வடக்க இருக்காருங்க. வந்தா டயரு சமமாயிருமா?"

அதற்குப் பிறகுதான் நீ கேட்டாய். "சரிங்க, கிடையாது. ஏன் கிடையாதுன்னு எழுதிக் குடுங்க. தமிழ்ல."

அப்படி வழக்கமில்லை என்றார். நீ நாற்காலியில் உட்கார்ந்தாய். மேனேஜர் வெளியூர் என்றார். தூக்குப்போசியைத் திறந்து எனக்கும் தயிர்சோறு போட்டாய். புது வண்டி பார்க்க வந்தவர்கள் எல்லாம், "என்னங்க, என்ன பிரச்சினை?" என்று கேட்கக் கேட்க, நீ ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து விளக்கினாய், உன் தப்பையும் சேர்த்து. மூன்று மணிக்குச் சூப்பர்வைசர் பேனாவை எடுத்தார். ஆறு வரி. கீழே கையெழுத்து, முத்திரை.

வாரண்டி வரவில்லை, அக்கா. ஜீப்பை அதே லாரியில் கட்டி நாமக்கல் பட்டறைக்கு அனுப்பிவிட்டுத் தோற்றுத்தான் திரும்பினோம். ஆனால் பஸ்ஸில் நீ வந்த மாதிரி ஜெயித்தவர்கள்கூட வந்ததில்லை.

"வித்துப்போடு" என்றார் மாமனார் மறுபடி.

"விக்க மாட்டனுங்க. தப்பு என்னதுன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பொறவு எதுக்குங்க விக்கோணும்?"

பதினோரு நாள் மாட்டுவண்டியில் ஓடையைக் கடந்து முட்டை கொண்டுபோனாய். உடைந்தது போக மிச்சத்தைக் கொடுத்தாய், ஆனால் ஒரு நாளும் தவறவில்லை. வியாபாரி வேறு பண்ணைக்குத் தாவவில்லை. நாமக்கல் லாரிப் பட்டறையில் பெட்டியைப் பிரித்தார்கள். நான் தரையில் உட்கார்ந்து புத்தகத்தைத் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்ல மேஸ்திரி பல்சக்கரங்களை மாட்டினார். "பாப்பா, நீ ஃபெயிலுன்னு எந்த மடையன் சொன்னான்?" என்று அவர் கேட்டதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நாலும் ஒரே அளவாக டயர் மாட்டினோம். பன்னிரண்டாம் நாள் ஜீப் ஓடையில் இறங்கி ஏறியது. லீவர் ஒற்றை விரலுக்கு அசைந்தது. மாமனார் அதற்குப் பிறகும் "வித்துப்போடு" என்பதை விடவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

அந்த ஆறு வரிக் காகிதத்தை நீ பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. டயர் கடைச் சுவரில், எல்லாருக்கும் தெரிகிற உயரத்தில், பசை தடவி ஒட்டினாய்.

"ஏனுங்க, என் கடையிலயே என் மானத்த வாங்கறீங்களே" என்று கடைக்காரர் பதறினார்.

"என் மானமும் அதுலதானுங்க இருக்குது. இருக்கட்டும். இனி ஜீப்புக்காரங்க யாரு வந்தாலும் படிக்கட்டும்."

படித்தார்கள். எஸ்டேட் ஜீப் டிரைவர்கள் படித்துவிட்டு, "அப்ப எனக்கு நாலும் ஒரே அளவுல போடுங்க" என்றார்கள். நமக்கு இல்லை என்று சொல்ல எழுதிய காகிதம் எத்தனை வண்டியைக் காப்பாற்றியதோ, யார் கண்டது.

மறைத்து வாங்கு என்று அன்று உன்னிடம் கெஞ்சியவள் நான். இன்று எந்தக் கவுண்டரில் யார் "கிடையாது" என்றாலும் நான் கத்துவதில்லை, கெஞ்சுவதில்லை. என் தப்பை முதலில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். எழுதித் தரும்வரை எழுந்திருப்பதில்லை. உன்னிடமிருந்து நான் தூக்கி வந்தது அந்த உட்காரல்தான், அக்கா.

இனி இதைப் படிக்கிறவர்களிடம்: மக்களே, வண்டியோ வேறெதுவோ, வாரண்டி இல்லை என்று உங்களைத் திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுதி வாங்குங்கள், நமக்குப் புரிகிற தமிழில் வாங்குங்கள். எழுத மறுத்தால் நாற்காலியை இழுத்துப் போடுங்கள். பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டு அந்தக் காகிதத்தை இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்கள், உங்கள் தப்பு இருந்தால் அதையும் சேர்த்து. வெட்கமே வேண்டாம். ஒரு சுவர் நிறைகிற அளவுக்குச் சேர்ப்போம், வாருங்கள்!