அப்பாவின் சைக்கிள் கழுத்துக்குள் ஓர் ஒட்டு

அன்புள்ள மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. இங்கே உன் அப்பா, உன் சித்தி, நான் மூவரும் சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இப்போது நடப்பது அத்தனையும் நான் அன்றைக்கே சொன்னதுதான். சித்தியைக் கேட்டால் "தெருவுல காத்தடிச்சாக்கூட நான் அப்பவே சொன்னேன்னு சொல்ற மனுஷன்" என்பாள், அவளை விடு. போனில் பேசலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கர்ல போடுடா என்கிறார், அதனால்தான் கடிதம். தனியாக இருக்கும்போது படி.

மில்லில் விழுந்து வலது முழங்கால் சரியாக மடங்காமல் போனதிலிருந்து ஜன்னலோர நாற்காலியும் எதிர்வீட்டுச் சுவரும்தான் உலகம் என்று அவர் கிடந்தது உனக்குத் தெரியும். அவருக்காக நான் சைக்கிள் ஒன்று கட்டி போட்டோ அனுப்பினேனே, அதன் உள்விவரம் உனக்குத் தெரியாது. கால் தூக்காமல் ஏற வேண்டும் என்று லேடீஸ் பிரேம் எடுத்தேன், நிறுத்தினால் பாதம் தரையில் பட வேண்டும் என்று சின்னச் சக்கரங்கள் போட்டேன், முழங்காலுக்கு ஏற்றபடி வலது பெடலின் கையைக் குட்டையாக்கினேன். சிக்கல் முன்பக்கம் வந்தது. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கவை இருக்கிறதே, போர்க், சின்னச் சக்கரத்தின் போர்க்குக்குத் தண்டு குட்டை, பெரிய பிரேமின் கழுத்துக் குழாய்க்குள் பாதி வழியிலேயே நின்றுவிட்டது, ஹேண்டில்பாரை மாட்ட மேலே தண்டு எட்டவில்லை. வேறொருவனாக இருந்தால் எல்லாவற்றையும் காயலான் கடையில் போட்டிருப்பான். நான் ஒரு பழைய போர்க்கின் தண்டை அறுத்து, சின்னப் போர்க்கின் தண்டோடு சேர்த்து, உள்ளே ஓர் இரும்புத் துண்டைச் செருகிப் பற்றவைத்து, ஒட்டுப் போட்டது கைக்கே தெரியாமல் அரம் போட்டு இழைத்துவிட்டேன். அதைப் பார்க்கவென்றே பெரிய கம்பெனியிலிருந்து ஆள் வந்தார், என்ன படித்திருக்கிறீர்கள் என்றார், எட்டாவதோடு பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுக்கச் சரக்கு தீர்ந்துவிட்டது என்றேன். கரண்ட் மீட்டர் கணக்கெடுக்க வந்தவரைத்தான் இப்படிச் சொல்கிறேன் என்று சித்தி சொல்வாள், மீட்டரும் பார்த்தார்தான்.

அந்த வேலையை முதலில் வெல்டிங் கடை சோடாபுட்டியிடம்தான் கொண்டுபோனேன், அவனுடைய கண்ணாடி அத்தனை தடிமன். "அண்ணே, கேட்டுக் கதவு, கட்டிலு எதுவேணா குடுங்க, மனுஷன் உசுர நம்பிப் புடிக்கிற எடத்துல நான் ஒட்டுப் போடமாட்டேன்" என்றான். பயந்தாங்கொள்ளி என்று சிரித்து அவனுடைய மெஷினையே வாங்கிவந்து நானே போட்டேன். குழாய்க்குள் செருகும் முன்னால் அவன் வந்து தடவிப் பார்த்துவிட்டு "வழவழன்னு இருக்குண்ணே, அழகுக்கு இழைச்சப்ப பலத்தையும் இழைச்சிட்டீங்களோ என்னமோ" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு அவனை ஏசினேன், அந்தப் பேச்சு இன்றும் என் காதை விட்டு இறங்கவில்லை. ஒட்டு இருப்பது குழாய்க்கு உள்ளே மகளே, வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அது விட்டுப்போனால் ஹேண்டில்பார் மட்டும் ஆள் கையோடு வரும், சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும்.

உன் அப்பா முதலில் சந்துக்குள் ஓட்டினார், பிறகு கடைத்தெரு, இப்போது மேம்பாலம். லாரிகள் உரசிக்கொண்டு போகும் இறக்கத்தில் பெடலை விட்டுவிட்டு வருகிறார். முன்சக்கரத்தில் காற்றை இறக்கிவிட்டுப் பார்த்தேன், விசிலடித்துக்கொண்டே பம்பு அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பம்பை ஒளித்துவைத்தேன், சித்தி எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவர் திரும்பி வந்து ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கிறவரை நான் வாசலை விட்டு நகர்வதில்லை. போன வாரம் அவர் தூங்கும்போது போர்க்கைக் கழற்றினேன். ஒட்டில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் மாவு பூசிக் காத்திருந்தேன், விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து மாவில் கோடு காட்டும். காட்டியது, மயிரிழை மாதிரி, ஒட்டைச் சுற்றிப் பாதி வட்டம்.

உடனே அவரிடம் சொல்ல வேண்டியதுதானே என்பாய். நான் கட்டிய கோழிக்கூட்டிலிருந்து போட்ட கூரை வரை ஒன்றையும் உருப்படி என்று சொல்லாத அண்ணன், இந்தச் சைக்கிளில் முதல் சுற்றுப் போய்வந்து இறங்காமலே "நல்லாருக்குடா" என்றார். யானையே ஏறினாலும் தாங்கும் என்று நானும் சொல்லித் தொலைத்தேன், இப்போது எந்த வாயால் மாற்றிச் சொல்வேன். அதற்கு மேல் ஒன்று, நீ வரும் நாளில் பஸ் நிலையத்துக்கே வந்து உன் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு பாலத்தின்மேல் வரப்போகிறாராம், "எம்பொண்ணு என்னை நாற்காலியிலதானே விட்டுட்டுப் போனா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ சொன்னால்தான் கேட்பார். ஒரே துண்டாக நீளத்தண்டு உள்ள போர்க் வந்து சேரும்வரை சைக்கிளைத் தொடக்கூடாது என்று சொல், நீ இருக்கும் ஊரில் அப்படிக் கிடைக்கும் என்கிறார்கள், வாங்கி அனுப்பு. சின்னச் சக்கரத்துக்கானது, இருபது இஞ்சு. கழுத்துக் குழாயின் உயரத்துக்கு ஒரு நூல் வெட்டி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், அதற்குத் தண்டு ஒரு விரல்கூடக் குறையக்கூடாது. நேரத்துக்குச் சாப்பிடு, போகும் வழியெல்லாம் உனக்கு நல்லதாக இருக்கட்டும், எங்கள் ஆயுளும் சேர்த்து நீ நன்றாக இரு.

உறையை ஒட்டப் போனேன், கை வரவில்லை. மாவில் கோடு வந்தது என்று எழுதினேனே, அது நானாகச் சேர்த்தது. கழற்றியது நிஜம், மண்ணெண்ணெய் நிஜம், மாவு வெள்ளையாகவே இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி பூசினேன், அப்போதும் வெள்ளை. விரிசல் இருந்திருந்தால் வெட்கத்தை விட்டு அண்ணன் கையிலேயே கொடுத்துக் காட்டியிருப்பேன், வெறும் பயத்தை எப்படிக் காட்டுவது. அவரிடம் பேசும்போது மட்டும் நீ விரிசல் என்றே சொல். நூலைச் சந்தேகப்படாதே, திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்துத்தான் வெட்டினேன், அதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

இப்படிக்கு,
உன் சித்தப்பா