என் கழுத்தில் தொங்கும் விலைச்சீட்டைக் கழற்றக் கோரி

அனுப்புநர்:
திரையரங்கு வாசலில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர்,
மூன்றாம் மாடி, மருந்துக்கடைக் கட்டிடம்,
பேருந்துப் பணிமனைச் சாலை.

பெறுநர்:
நுகர்வோர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
நகர அலுவலகம்.

பொருள்: நாங்கள் கட்டிய வீட்டின் மாடியை விளையாட்டு நிறுவனம் எனக்கே விலை பேசுவது, மற்றும் குடும்பப் படத்தில் என்னை இழிவுபடுத்தியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. விஷயத்துக்கு வருமுன் என் பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். பெருமை பேசுகிறாள் கிழவி என்று இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விட வேண்டாம். பெருமைதான், ஆனால் வழக்கும் இதில்தான் இருக்கிறது. பெரிய பேரன் சரக்குக் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோனபோது சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே இறங்கி அதை ஓட வைத்தவன். அன்று கேப்டனே அவனுக்குத் தன் கையால் டீ போட்டுக் கொடுத்தாராம். நடுப்பேத்தி ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். பெரிய டாக்டர் கையை நீட்டுவதற்குள் கேட்க வேண்டிய கருவி அந்தக் கையில் இருக்கும். அவளுடைய மருத்துவமனையில் நுழைந்ததும் முதலில் தெரிவது அவளுடைய படம். சின்னப் பேத்தி லிஃப்ட் மெக்கானிக், அவள் கம்பெனியில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு வங்கி மேலாளரை மேலேயிருந்து இறங்கிப் போய் மீட்டுக்கொண்டு வந்தாள். உள்ளே அவர் அழுததை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாராம். தாங்களும் சொல்ல வேண்டாம்.

2. இந்த மூவரும் மூன்று திசையில் இருக்கிறார்கள். ஒருவனுக்கு விடியும்போது ஒருத்திக்கு இருட்டுகிறது. சின்னவள் பட்டம் வாங்கிய நாளுக்குப் பிறகு நாங்கள் நான்கு பேரும் ஓர் அறையில் சேர்ந்து நின்றதில்லை. அதனால் பெரியவன் விடுமுறைக்கு வந்தபோது டி.வி.யில் மாட்டுகிற விளையாட்டுப் பெட்டி ஒன்றையும், 'ஒரே கூரை' என்ற விளையாட்டின் வட்டத் தகடு ஒன்றையும் வாங்கி வந்தான். உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் ஒரே குடும்பமாக ஒரு வீட்டைக் கட்டி அதில் புழங்கலாம் என்பதுதான் அந்த விளையாட்டு. அட்டையின் மேலேயே 'முழுமையான விளையாட்டு' என்று அச்சடித்திருந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். முழுமை என்ற சொல்லுக்கு அதற்குள்ளாகவே பொருள் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அந்த நிறுவனத்தாருக்கு அந்தப் பாடம் எந்த வகுப்பில் வருகிறதோ தெரியவில்லை.

3. இந்த மனுவை எப்படிக் கொடுப்பது என்று கேட்க நேரில் வந்தபோது தங்கள் அலுவலக முகப்பில் இருந்த தம்பி சிரித்தார். "பேரன் விளையாடுறதுக்கெல்லாமா பாட்டி மனு?" என்றார். "பேரன் விளையாடுறதுக்கு இல்ல தம்பி, நான் விளையாடுறதுக்கு" என்றேன். அதற்கும் சிரித்தார். அவர் பேரில் எனக்குப் புகார் இல்லை. அந்த நிறுவனம் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை, அதற்கு இவர் எவ்வளவோ மேல்.

4. ஐயா, நாங்கள் அந்த வீட்டைச் சும்மா கட்டவில்லை. அஸ்திவாரம் பெரியவன் போட்டான். குழாய், கம்பி வேலை சின்னவளுடையது. அடுப்படியை நடுவுள்ளவள் ஆபரேஷன் தியேட்டர் போலவே அடுக்கி வைத்தாள், ஒரு கரண்டி இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். செங்கல் சுமந்தது நான். விசையை அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் வீங்கிப்போய் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் நால்வரும், கேமரா பிடித்துத் தரும் அவரவர் முகத்தோடு, அங்கே கூடுவோம். காதில் மாட்டிக்கொள்கிற கருவி வழியாகப் பேச்சு ஓடும். அவரவர் சாப்பிட்டது, தூங்கியது, யாரோடு சண்டை என்பதெல்லாம் எனக்கு அந்தக் கூடத்தில்தான் தெரியும்.

5. முதல் மாதத்திலேயே நிறுவனம் தன் குணத்தைக் காட்டியது. வீட்டில் அடுப்பு இருந்தது, நெருப்பு தனி விலை. கதவு இருந்தது, தாழ்ப்பாள் தனி விலை. நாய் ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். அது வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. குரைப்பு தனி. பிறகு ஒரு நாள் மழையை விட்டார்கள். அதுவும் இலவசம்தான். மழை பெய்யத் தொடங்கிய அதே நிமிடத்தில் திரையின் ஓரத்தில் குடை விற்பனைக்கு வந்தது. இப்படி ஒரு யோசனையை உட்கார்ந்து யோசித்து, கூட்டம் போட்டு, ஆகட்டும் என்று தலையாட்டிய மனிதர்கள் மாலையில் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள் என்று எனக்குப் பார்க்க ஆசை. அதிர்ஷ்டப் பெட்டி என்றும் ஒன்று வைத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமலே விற்பது. நடுவுள்ளவள் ஆசையாக ஒன்று வாங்கினாள். இடது கால் செருப்பு இருந்தது. வலது காலுக்கு இன்னொரு பெட்டி வாங்கினாள். அதிலும் இடது கால் செருப்பு.

6. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். பிள்ளைகள் கூடுகிற இடம், சில்லறைத் திருட்டுக்காக விட்டுவிட முடியாது என்று நானே சமாதானம் சொன்னேன். மாடியைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் கூடத்தில் முதல் நாளிலிருந்தே ஒரு மாடிப்படி இருக்கிறது. குறுக்கே ஒரு கயிறு, கயிற்றில் 'விரைவில்' என்ற அட்டை. மேலே ஒன்றும் கட்டவில்லை போலிருக்கிறது, கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றே மூன்று வருடம் நம்பினோம். சின்னவள் எதையும் திருப்புளியோடு பார்க்கிறவள். அந்தத் தகட்டின் உள்ளே இருப்பவற்றை ஆராய்கிற ஆட்கள் எழுதியதைத் தேடிப் படித்துவிட்டுச் சொன்னாள்: மாடி முழுவதும், அதன் ஜன்னலும் பால்கனியும் உட்பட, நாங்கள் காசு கொடுத்து வாங்கிய அன்றே அந்தத் தகட்டில் இருந்திருக்கிறது. கட்டி முடித்ததைக் கயிறு கட்டி மறைத்து வைத்து, புதிதாகக் கட்டியது போல விற்கப் பார்த்திருக்கிறார்கள்.

7. நான் முப்பது வருடம் தியேட்டர் வாசலில் நின்றவள். எங்கள் முதலாளியும் ஒன்றும் தர்மபிரபு இல்லை, கடலையைக்கூட எண்ணித்தான் பொட்டலம் கட்டச் சொல்வார். ஆனால் டிக்கெட் வாங்கியவனுக்கு முழுப்படம் காட்டினார். இடைவேளை முடிந்ததும் கதவை மூடிக்கொண்டு, மீதிப் படத்துக்குத் தனி டிக்கெட் என்று அவர் சொல்லியிருந்தால் ஜனம் நாற்காலியைக் கழற்றி அடித்திருக்கும். நானும் ஒரு நாற்காலி எடுத்துக் கொடுத்திருப்பேன்.

8. இனி என் புகாரின் முக்கியப் பகுதி. மூன்று வருடம் விளையாடிய குடும்பங்களுக்கு மாடியை இலவசமாகத் திறக்கிறோம் என்று நிறுவனம் அறிவித்தது. ஒரு சனிக்கிழமை மாலை திறப்பு. மூவரும் அந்த நேரத்துக்கு விடுப்பும் மாற்று ஆளும் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பெரியவனும் சின்னவளும் முதலிலேயே வந்து கூடத்தில் நின்றார்கள். நடுவுள்ளவளைக் காணோம். ஆபரேஷன் இழுத்துக்கொண்டே போனதாம். நான் அந்த வீட்டின் கேட்டுக்கு வெளியே நின்றேன். ஐயா, அது என் பழக்கம். கடைசி ஆள் உள்ளே போன பிறகுதான் நான் உள்ளே போவேன். வேலை பார்த்த காலத்தில் எந்தப் படத்துக்கும் முதல் கால் மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. பெரியவன் கூப்பிட்டான், "பாட்டி, நீங்க ஏன் வெளியவே நிக்கிறீங்க, உள்ள வாங்க." அவள் வரட்டும் என்றேன். அவளும் வந்தாள், மூச்சு வாங்க என்னைத் தாண்டி உள்ளே ஓடினாள். நான் திரும்பி ஒரு கால் எடுத்து வைத்தேன். திரை நின்றுவிட்டது.

9. திரும்பப் படம் வந்தபோது நான் தெருவில் இருந்தேன். என் தலைக்கு மேல் 'விருந்தினர்' என்று எழுதியிருந்தது. திறப்பு நேரத்தில் சுவருக்குள் இருந்தவர்கள் வீட்டார், வெளியே இருந்தவர்கள் விருந்தினர். இந்த விதியை யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. செங்கல் சுமந்தவள் விருந்தினர். இப்போது நான் போனால் கூடம் வரை விடுவார்கள், பத்து நிமிடம் ஆனதும் விளையாட்டு தானாகவே என்னை வாசலில் கொண்டு வந்து நிறுத்திவிடும். அந்தக் குரைப்பு இல்லாத நாய் மட்டும் மாடிக்குப் போய் வருகிறது.

10. நிறுவனத்துக்கு எழுதினேன். எழுதி முடித்து அனுப்பிய உடனேயே பதில் வந்தது. அவ்வளவு வேகமாக மனிதர் படிக்க முடியாது. "உங்கள் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது" என்று தொடங்கி, வீட்டார் அட்டை விலைக்குக் கிடைக்கும் என்று முடிந்தது. மறுபடி எழுதினேன். மறுபடியும் என் ஏமாற்றம் அவர்களுக்குப் புரிந்தது. மூன்றாம் முறை, என் ஏமாற்றம் உங்களுக்குப் புரிய வேண்டாம், மாடிப்படியில் கட்டிய கயிற்றை அவிழ்த்தால் போதும் என்று எழுதினேன். அவர்கள் பதிலுக்கு ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை கொடுப்பேன் என்று என்னையே கேட்டார்கள்.

11. நடுவுள்ளவள் எனக்குச் சொல்லாமல் அந்த அட்டையை வாங்கிப் பரிசாக அனுப்பிவிட்டாள். பரிசுகள் இப்போது மாடியில்தான் வந்து இறங்குமாம். என் பெயர் எழுதிய பொட்டலம் மேலே மேசையில் கிடக்கிறது. அதை எடுக்க நான் மாடி ஏற வேண்டும், மாடி ஏற அந்தப் பொட்டலம் வேண்டும். அவளே கீழே எடுத்து வந்து தரலாம் என்றால், அடுத்தவர் பரிசைத் தொட இன்னோர் அனுமதி, அதற்கும் விலை. தெருவில் மூன்று சீட்டு ஆடி ஏமாற்றுகிறவனை எனக்குத் தெரியும், எங்கள் தியேட்டர் சந்தில்தான் நிற்பான். போலீஸ் வந்தால் ஓடுவதற்காவது அவனுக்கு வெட்கம் இருந்தது.

12. இன்னொரு அட்டை வாங்கித் தொலைத்துவிடலாம் என்று சின்னவள் சொல்கிறாள். முடியாது என்றேன். காசு இல்லாமல் சொல்லவில்லை. என் வீட்டு மாடிக்கு நான் டிக்கெட் வாங்க மாட்டேன்.

13. சென்ற மாதம் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. மூன்றாம் ஆண்டுப் பரிசாகக் குடும்பப் படம் ஒன்றை அச்சடித்து, கணக்கு என் பெயரில் இருப்பதால் என் முகவரிக்கே நிறுவனம் அனுப்பியிருந்தது. மாடியில், பால்கனி ஓரம் என் பிள்ளைகள் மூவரும் நிற்கிறார்கள். நடுவில் எனக்காக இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் நிறுவனம் சாம்பல் நிறத்தில் ஓர் உருவத்தை நிறுத்தியிருக்கிறது. கண் இல்லை, வாய் இல்லை. கழுத்தில் ஒரு விலைச்சீட்டு. 'இவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கீழே எழுதி, எவ்வளவு என்றும் போட்டிருக்கிறது. பிரித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அப்புறம் வந்தது.

14. இந்தப் படம் மூவருக்கும் திரையில் போயிருக்கிறது. பெரியவன் கெட்ட வார்த்தை சொன்னான், நான் கண்டிக்கவில்லை. அன்று முதல் நடுவுள்ளவள் அந்த வீட்டுக்கு வருவதில்லை. டூட்டி என்கிறாள். போனில் கேட்டால் சாப்பிட்டேன், தூங்கினேன் என்று ஒப்பிக்கிறாள். விடாமல் கேட்டபோது ஒரே ஒரு தடவை சொன்னாள்: "எனக்காக நின்னதாலதானே பாட்டி உங்களை வெளிய தள்ளிட்டாங்க. நீங்க இல்லாத மாடியில நான் என்ன பண்றது?" கத்தியும் ரத்தமும் பார்த்துக் கலங்காத பெண், ஐயா. ஒரு பொம்மை வீட்டு விதிக்காகக் குற்றவாளி போலப் பேசுகிறாள். அடுப்படியில் கரண்டிகள் இடம் மாறிக் கிடக்கின்றன, எடுத்து வைக்க அவள் இல்லை. மற்ற இருவரும் வருகிறார்கள், சீக்கிரம் கிளம்பிவிடுகிறார்கள். அந்த நிறுவனம் என்னிடம் பறித்தது மாடி இல்லை, அவளுடைய ஞாயிற்றுக்கிழமை.

15. ஆகவே தாங்கள் அந்த நிறுவனத்தாரை நேரில் வரவழைத்து, கீழ்க்கண்டவற்றைச் செய்ய வைக்க வேண்டும். என் தலைக்கு மேலிருக்கும் 'விருந்தினர்' என்ற சொல்லை எடுக்க வேண்டும். வாங்கிய அன்றே தகட்டில் இருந்த மாடியை, இனி ஒரு காசு கேட்காமல், எனக்கும் என்னைப் போல வாசலில் நின்றுவிட்ட மற்றவர்களுக்கும் திறந்துவிட வேண்டும். நஷ்டஈடு வேண்டாம். மன்னிப்புக் கடிதமும் வேண்டாம், அதில் என் ஏமாற்றம் புரிந்ததாக எழுதுவார்கள்.

16. அவர்கள் அனுப்பிய படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இதை என் வீட்டுச் சுவரில் மாட்ட மாட்டேன், கிழிக்கவும் கை வரவில்லை, அதில் பிள்ளைகள் மூவரும் நன்றாக விழுந்திருக்கிறார்கள். பெரியவன் இளைத்திருக்கிறான். மாடி திறந்ததும் நடுவுள்ளவளைக் கூப்பிடுவேன், வருவாள். இந்த முறை அவளை எனக்கு முன்னால் விடாமல், கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தே ஏறுவேன். நாங்கள் நால்வரும் பால்கனியில் நின்ற பிறகு, கழுத்தில் ஒன்றும் தொங்காமல், என் முகம் என் முகமாகவே தெரியும்படி எடுத்த படம் ஒன்றை அந்த நிறுவனம் தன் செலவில் அச்சடித்து, மேற்கண்ட முகவரிக்குத் தபாலில் அனுப்பித் தரும்படி தாங்கள் ஆணையிட வேண்டும்.

இடம்: என் வீட்டுச் சமையலறை மேசை
நாள்: நவம்பர் 9

இவ்வளவு தூரம் படித்தமைக்கு நன்றியுடன்,
(கையொப்பம்)
பேருந்துப் பணிமனைச் சாலையில் எல்லோரும் 'டிக்கெட்டம்மா' என்று அழைப்பவர்

இணைப்பு: மேற்சொன்ன படம், ஒன்று. இதைத் திருப்பி அனுப்ப வேண்டாம். புதியதை அனுப்பவும்.