இஞ்சி மருந்து

அன்பு மகளே,

அப்பா மறுபடியும் குடிக்கிற வீட்டுக்குப் பிள்ளையைக் கூட்டி வரமாட்டேன் என்று எழுதியிருந்தாய். நீ இருக்கும் டல்சா நகரம் வரைக்கும் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது போல.

அப்பாவின் கால்கள் அப்படியேதான் இருக்கின்றன. நடந்தால் பாதம் தொங்கிப்போய்த் தரையில் பட்பட்டென்று அடிக்கிறது. தெருவில் பையன்கள் அப்படியே நடந்து காட்டிச் சிரிக்கிறார்கள்.

ஊரில் இப்படி ஒன்பது பேர். எல்லாரும் மருந்துக்கடை இஞ்சி மருந்தைக் குடித்தவர்கள். அதில் பாதிக்கு மேல் சாராயமாம். மதுவிலக்கு வந்தபின் குடிகாரர்கள் அதைத்தான் வாங்கினார்களாம். இந்த வருஷம் யாரோ அதில் விஷத்தையும் கலந்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது எப்படித் தெரியும்? அப்பாவுக்கு வயிறு சரியில்லை. புட்டியில் வயிற்றுவலிக்கு என்றுதான் போட்டிருந்தது.

போன ஞாயிறு பாதிரியார் அவரைச் சபை முன்னால் நிறுத்தினார்.

"பதினோரு வருஷமா குடியத் தொடலைன்னு சொன்னீங்களே ஆர்வில், அந்தப் புட்டிய யாரு வாங்குனா?"

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் ஐயா. நாக்கு அடங்கல."

மதுவிலக்குச் சங்கத் தலைவிக்கு இப்படி ஒரு புருஷனா என்று பெண்கள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். சங்கத்தின் வெள்ளை ரிப்பன் என் நெஞ்சில் இருந்தது.

வீட்டில் அவருக்குப் பூட்ஸைக் கழற்றிவிடும்போது, "ஏன் அப்படிச் சொன்னீங்க? வாங்கிட்டு வந்தது நான்தானே?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் காலு போச்சு. உனக்குச் சங்கமாவது இருக்கட்டும்."

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. அவரைப் பார்க்க வா.

என் கால்களுக்கு ஒன்றுமில்லை மகளே. ஆனாலும் அன்றைக்குச் சபையில் நான் எழுந்திருக்கவில்லை.

உன் அம்மா