கங்கப்பன் நிரப்பிய படிவம்

கெலமங்கலம்
19.6.2021

அன்பு மகள் யுவஸ்ரீக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் கொரோனா அண்டாமல் இருக்கிறோம், பசு ஈன்றிருக்கிறது, கிடாரிக் கன்று. நீயும் உன் விடுதிப் பெண்களும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. யார் எழுதிக்கொடுத்தது என்று யோசிக்காதே கண்ணு, ஒவ்வோர் எழுத்தும் நானே போட்டது. ஏழு மாதமாகச் சாயங்கால வகுப்புக்குப் போனேன், நீ தீபாவளிக்கு வரும்போது காட்டலாம் என்று சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது உரமூட்டை, மருந்துச்சீட்டு, பஸ் பலகை எதையும் விடுவதில்லை. இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆயிற்று, ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

கல்லூரியில் அவசர உதவிப் பணம் தருகிறார்கள், விடுதிக் கட்டணத்துக்கு அதுதான் வழி, கட்டாவிட்டால் நர்சிங் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று நீ போனில் சொன்ன அன்றே எனக்குச் சந்தேகம். வாங்குகிற கல்லூரி எதற்குக் கொடுக்கிறது? திருப்பித் தரவேண்டாம் என்றாய், அதில்தான் சந்தேகம் கூடியது. இருந்தாலும் நீ சொன்னபடி கம்ப்யூட்டர் கடை கங்கப்பனிடம் போனேன். படிவத்தை நிரப்பித் தயாராக வைத்திருந்தான். பேனாவை எடுத்தேன். உங்க கையெழுத்து வேணாண்ணா, அக்கா கைநாட்டு மட்டும் வாங்கியாங்க, சர்டிபிகேட்டு நான் பாத்துக்கறேன் என்றான், உன் அம்மாவைத்தான். இத்தனை வருடம் எல்லாக் காகிதத்துக்கும் என் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தவனுக்கு இன்றைக்கு நான் ஏன் வேண்டாம்?

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து விரல் வைத்து வாசித்தேன். உன் பெயர் சரி, ஊர் சரி, தந்தை பெயர் எல்லப்பன், அதுவும் சரி. பக்கத்தில் கொரோனாவால் காலமானார் என்று இருந்தது. தப்பாகப் படித்தேனோ என்று மூன்று தடவை எழுத்துக் கூட்டினேன். மூன்று தடவையும் செத்துத்தான் போயிருந்தேன். திரும்பிப் போய்க் கேட்டால், அப்பா இல்லாத புள்ளைங்களுக்குத்தாண்ணா முழுப் பணம், மத்தவங்களுக்குப் பாதிதான், பேப்பர்லதானே செத்தீங்க, நெஜமாவா கொன்னுட்டேன் என்று சிரிக்கிறான். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா, என் கையாலயே என் தாலியை அறுக்கச் சொல்றானா என்று அந்தக் காகிதத்தை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, இருக்கும்போதே சொன்ன பேச்சுக் கேக்கல, செத்தா மட்டும் கேக்கவா போறே என்றாள்.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்கவேண்டும். இதெல்லாம் பாப்பாவுக்குத் தெரியும் என்று உன்னைச் சொல்கிறான் கங்கப்பன். அவனை நான் நம்பவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என்ன எழுதியிருக்குன்னு யார்கிட்டயும் காட்டாதீங்கப்பா, நேராக் கடையிலயே குடுத்துடுங்க என்று நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. அப்போது எனக்கு வாசிக்கத் தெரியாதென்றுதானே நினைத்திருந்தாய். போனில் கேட்டால் நீ அழுவாய், நான் சரி விடு என்று வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதிக் கேட்கிறேன்.

வேறொரு படிவம் வாங்கி நானே நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். பெங்களூர் வண்டி வராமல் தக்காளி தோட்டத்திலேயே அழுகியதை எழுதியிருக்கிறேன், அது பொய்யில்லை. பாதி கிடைத்தால் போதும், மீதிக்குப் பசுவைக் கன்றோடு கொடுத்துவிடலாம், பரீட்சை நிற்காது. கல்லூரியில் கேட்டால் என் அப்பா இருக்கிறார் என்று சத்தமாகச் சொல்.

வார்டில் முகக்கவசத்தை மூக்குக்கு மேலே போடு, பட்டினி கிடக்காதே. நீ நல்லபடியாகப் படித்து வெள்ளை உடுப்போடு வந்து நிற்கவேண்டும், எல்லாத் தெய்வமும் துணையிருக்கும். பதிலைப் பெரிய எழுத்தாக எழுது. உண்மை எதுவானாலும் எழுது கண்ணு. முன்னைப்போல யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லமாட்டேன், நான் மட்டும்தான் படிப்பேன்.

உயிரோடிருக்கும் அப்பா,
எல்லப்பன்