படத்துக்கு ஒரு முழம் கீழே

அம்மாவுக்கு, தஸ்ஸிலி மேட்டிலிருந்து அமஸ்தானின் சலாம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம். கையெழுத்து ஆடுவது குளிரால்தான்.

நேற்று மத்தியானம் எங்கள் தலைக்கு மேல் மேகமே இல்லை. எங்கோ உச்சியில் பெய்த மழை, வறண்ட ஓடையில் வெள்ளமாக வந்துவிட்டது. நானும் கழுதைக்காரர் கூமாவும் பாறையில் ஏறி, அந்தக் காலத்தவர் நீர்யானை வரைந்த குகையில் ஒண்டினோம். தண்ணீர் படத்துக்கு ஒரு முழம் கீழே வந்து நின்றது.

"பாலைவனத்துல ஏது நீர்யானைன்னு சிரிச்சியே, இப்ப சிரிடா!" என்றார் கூமா. அவருக்கும் பல் தந்தியடித்தது.

கழுதையைத்தான் காணோம். செருப்பு, தேயிலை, உங்கள் பழைய போர்வை அனுப்புங்கள். கடிதம் கொண்டுவருபவர் கிளம்பத் தயாராக நிற்கிறார்.

தங்கை ஆடுகளோடு இந்த ஓடைக்கு வருகிறேன் என்றாளே, வேண்டாம். வானம் எவ்வளவு வெளுத்திருந்தாலும் விடாதீர்கள். கட்டிப்போட்டாவது வையுங்கள், அம்மா.